கோட்டு அழகாயிக்காக ஒரு பாட்டு

போன செவ்வாய்க்கிழமை, புதுவாயல் கூட்ரோடு டீக்கடை. பஸ் வர நேரமிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரை மடக்கி பெஞ்சில் ஒரு போடு போட்டார். டெரிலின் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா... புதிதாக வந்திருக்கும் ஏதோ ஒரு ஃபாக்டரியில் சூப்பர்வைசராக இருக்க வேண்டும்.

"இந்த சிலோன்லேர்ந்து வந்தவங்களைப் பாருங்க சார். அவன் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினான். நாம வேலை குடுத்தோம், வீடு குடுத்தோம். ஆனா மனசு பூரா இன்னும் அங்கேதான். தள்ளினவன் மேலே என்ன சார் இவ்வளவு பாசம்?"

என்னிடம்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அது ஒரு கிளாஸ் டீக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது. அவர் இந்தப் பத்திரிகை வாங்குகிறவராக இருந்தால் — இந்த வாரம் அவருக்குத்தான்.

வாரத்தில் ஒரு நாள்தான் நான் எழுத்தாளன். மற்ற ஆறு நாளும் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். இது பழைய வாசகர்களுக்குத் தெரியும். காலையில் மீஞ்சூரில் பாசஞ்சர் பிடிப்பேன். யார் வந்தார்கள், யார் லேட், யாருக்கு லீவு — இதுதான் என் உத்தியோகம். தொழிலாளிகளுக்கு வரும் தபாலும் என் மேஜைக்குத்தான் வரும். அதனால் யாருக்கு யார் எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். யாருக்கு யார் எழுதுவதில்லை என்பதும் தெரியும்.

எழுபதாம் வருஷம் வாக்கில் எங்கள் மில்லுக்கு சிலோன் குடும்பங்கள் வர ஆரம்பித்தன. இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டிருந்தார்கள் அல்லவா? தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று? அப்படி நம் பங்குக்கு வந்தவர்கள். அதில் ஒருத்தி பாக்கியம். முப்பது வயதிருக்கும். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே கல்யாணமும் ஆனவள். இந்தியாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை!

அவள் புருஷன் சுப்பையா, அங்கே ஒரு கலவரத்தில் அடிபட்டவன். தழும்பு இன்னும் நெற்றியில் இருக்கிறது. "இனிமே இந்த நாடு வேணாம்" என்று இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டான். பாக்கியத்தின் தங்கை ராசம்மாவின் புருஷனோ, "எது வந்தாலும் இங்கேதான்" என்று சிலோனுக்குப் போட்டான். அம்மா அழகாயி தங்கையோடு தங்கிவிட்டாள். ஒரே லயத்தில் — தோட்டத்து வீட்டு வரிசையை அவர்கள் லயம் என்பார்கள் — அடுத்தடுத்த வாசலில் இருந்த அக்காளும் தங்கையும், ஒரு கையெழுத்தில் வேறு வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

இங்கே வந்தபோது வரவேற்பு எப்படி இருந்தது தெரியுமா? கேட்டில் ஊர்க்காரர்கள் நின்று கோஷம் போட்டார்கள். "எங்க பொண்ணுங்களுக்கு வேல இல்ல, சிலோன்காரிக்கு வேலயா?" அதில் உரக்கக் கத்தியவள் கோவிந்தம்மா. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. புருஷன் ஏரியில் மீன் பிடிக்கிறவர். இவள் மில்லில் பழைய ஆள். இவள் தங்கை மகளுக்குக் கிடைக்க வேண்டிய வேலை பாக்கியத்துக்குப் போய்விட்டது என்று ஆத்திரம். பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றும் மூன்று வருஷம் பேசவில்லை.

பாக்கியமும் ஒரு காரியம் செய்தாள். யாராவது எந்த ஊர் என்று கேட்டால், "மதுரப் பக்கம்" என்று சொல்ல ஆரம்பித்தாள். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தாள். அங்கே இருந்தபோது "நீ இந்தியாக்காரி" என்றார்கள். இங்கே வந்தால் "நீ சிலோன்காரி". பாவம், கண்ணால் பார்க்காத மதுரைக்குத்தான் அவளால் போக முடிந்தது.

ஆனால் மாதம் ஒரு கடிதம் வரும், தங்கையிடமிருந்து. அதை வாங்கும்போது மட்டும் அவள் முகம் மதுரைப் பக்கத்து முகமாக இருக்காது.

ஒரு சமயம் அந்தக் கடிதம் நின்றுபோயிற்று. தோட்டங்களை அங்கே அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது, ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்றெல்லாம் பேப்பரில் வந்தது. பாக்கியம் எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் மேஜைக்குத்தான். பெறுநர் இல்லை என்று முத்திரை குத்தி.

அப்படித் திரும்பி வந்த ஒன்றை ஒரு நாள் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு டைம் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. லீவு கேட்க வந்த கோவிந்தம்மா அவளைப் பார்த்தாள்.

"சார், இவ இன்னாத்துக்கு இங்க குந்திகினுகீறா?"

சொன்னேன். இரண்டு வருஷமாக அம்மாவைப் பற்றித் தகவல் இல்லை என்றேன்.

 கோவிந்தம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "பெத்தவ உசுரோட கீறாளா இல்லியான்னு தெரியாமயா ரெண்டு வருசம் என் பக்கத்துல நின்னுகினு நூலு சுத்துன? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடி பேஜாரு ஒனக்கு?"

மூன்று வருஷம் முகம் கொடுக்காதவள் கேட்கிற கேள்வியா இது! பாக்கியம் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். கோவிந்தம்மா தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவள் மடியில் வைத்தாள்.

அன்றைக்கு ஒரு யோசனையும் சொன்னாள்.

"எங்க ஊட்டுக்காரரு படகுல ட்ரான்சிஸ்டர் வெச்சிகினு போவாரு. சிலோன் ரேடியோதான் எப்பவும். பாட்டு போடறதுக்கு முன்ன, இந்த ஊர்ல இருந்து இவுங்க கேட்டாங்க, அந்த ஊர்ல இருந்து அவுங்க கேட்டாங்கன்னு பேரா அடுக்குறான். ஒன் பேரயும் சொல்லச் சொல்லேன். ஒன் தங்கச்சி கேக்க மாட்டாளா?"

நான் சிரித்தேன். படித்தவன் அல்லவா? கடல் தாண்டி, ஆயிரம் பேர் பட்டியலில், ஒரு பெயர்... எங்கேயோ வேலையில் இருக்கும் தங்கை, அந்த நிமிஷம் பார்த்து ரேடியோ பக்கத்தில் நின்று... நடக்கிற காரியமா?

சுப்பையா சிரிக்கவில்லை. பயந்தான். அவசர நிலைக் காலம் அது. ரயிலில்கூட மெதுவாகத்தான் பேசுவோம். "ஐயா, வேணாங்கய்யா. சிலோனோட இன்னும் தொடர்பு வெச்சிருக்கோம்னு யாராச்சும் சொன்னா, இங்க வர்றப்ப குடுத்த குடும்ப அட்டையப் புடுங்கிருவாங்க. மறுபடி எங்கிட்டுப் போறது?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். "புடுங்குவாங்களாய்யா?"

தெரியாது என்றுதான் சொன்னேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

"அட்டைய வேற வாங்கிக்கலாம்யா. எழுதுங்க," என்றாள்.

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். 'கும்மிடிப்பூண்டி நூல் மில்லிலிருந்து பாக்கியம், சுப்பையா. அட்டன் ராசம்மா, திருமதி அழகாயி அம்மாள் ஆகியோருக்காக.' அவள் ஏதோ குறுக்கே சொல்ல வந்தாள். அம்மாவை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று. "அதெல்லாம் ரேடியோவுக்கு மரியாதையா இருக்காதும்மா" என்று நிறுத்திவிட்டேன். வாரம் ஒரு கார்டு. நானே மீஞ்சூர் தபாலாபீஸில் ஸ்டாம்ப் ஒட்டிப் போடுவேன். எத்தனை போட்டேன் என்று எண்ணவில்லை. அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

ஒரு நாள் காலை. இதே புதுவாயல் கூட்ரோடு. ஒரு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன். டீக்கடை ரேடியோ கரகரவென்று பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணம்... திருச்சி... தூத்துக்குடி... "கும்மிடிப்பூண்டி நூல் மில்லிலிருந்து பாக்கியம், சுப்பையா..."

கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து மில்லுக்கு ஓடினேன். அவளுக்கு ஷிப்டு. மிஷின் சத்தத்தில் எதுவும் கேட்காது. காதருகே போய்க் கத்தினேன்.

"சொல்லிட்டான்! பேர் சொல்லிட்டான்!"

பாக்கியம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தம்மா தன் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நம்ம மில் பேர் ரேடியோவிலே வந்துச்சாமே?" வேலை போயிற்று என்று நினைத்தேன். "மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு வியாபாரி போன் பண்ணிட்டான்யா. அடிக்கடி எழுது!" என்றார். விளம்பரம் என்று எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

சரி, பெயர் வந்தது. பிறகு?

பிறகு... ஒன்றுமே இல்லை.

ஒரு மாதம். இரண்டு மாதம். ஆறு மாதம். தபால் பையை நான் திறக்கும்போதெல்லாம் ஜன்னலில் ஒரு தலை தெரியும். நான் கையை விரிப்பேன். தலை போய்விடும். எனக்கே எரிச்சல் வந்தது — அவள் மேல் இல்லை, என் மேல். ஆசையைக் கிளப்பிவிட்டோமே என்று. இதற்கிடையில் இங்கே ஆட்சி மாறியது, பயம் குறைந்தது. ஆனால் அடுத்த சில மாதத்திலேயே அங்கே பெரிய கலவரம். பேப்பரில் தினமும் படம். எரிந்த வீடுகள், கோவிலில் படுத்திருக்கும் ஜனங்கள். பாக்கியம் படங்களை உற்று உற்றுப் பார்ப்பாள். ஒரு முகமாவது தெரிந்த முகமா என்று.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"ஐயா, கார்டு குடுங்க. இந்தத் தடவ நான் எழுதறேன்."

"என்னம்மா, என் எழுத்துக்கு என்ன?"

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா 'திருமதி அழகாயி அம்மாள்'னு எங்க அம்மாவ யாருமே கூப்பிட்டதில்லைங்கய்யா. எங்க தோட்டத்துல நாலு அழகாயி. எங்க அம்மாவுக்கு, வெள்ளக்கார டாக்டரு சம்சாரம் ஊருக்குப் போறப்ப ஒரு கறுப்பு மழைக் கோட்டு குடுத்துட்டுப் போனாங்க. அதக் கழட்டவே கழட்டாது. மழ பேஞ்சாலும் அதான், வெயிலடிச்சாலும் அதான். அதனால கோட்டு அழகாயி. அப்படிச் சொன்னாத்தான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை கார்டையும் இல்லாத ஒரு பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன் நான்!

கோணல் கோணலாக அவளே எழுதினாள். கும்மிடிப்பூண்டி நூல் மில் பாக்கியம், அவள் அம்மா கோட்டு அழகாயிக்காக.

இந்த முறை ரொம்ப நாள் ஆகவில்லை. அறிவிப்பாளருக்கே அது பிடித்துப்போயிருக்க வேண்டும். கோவிந்தம்மாவின் புருஷன் படகில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். 'கோட்டு அழகாயி' என்று சொல்லிவிட்டு அந்த ஆள் சிரித்தாராம். சிரித்துவிட்டு, இன்னொரு தரம் சொன்னாராம்.

மூன்று வாரம் கழித்து, தபால் பையில் சிலோன் ஸ்டாம்ப்.

பாக்கியத்துக்குப் படிக்க ஓடவில்லை.  சுப்பையா வாங்கினான், அவனாலும் முடியவில்லை. கடைசியில் நான்தான் படித்தேன். சுற்றி ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட் பெண்கள் அத்தனை பேரும்.

ராசம்மா எழுதியிருந்தாள். தோட்டத்தை எடுத்துக்கொண்ட சமயத்தில் வெளியிலிருந்து ஆட்கள் வந்து லயத்தைக் கொளுத்திவிட்டார்கள். ட்ரங்குப் பெட்டி எரிந்தது. அதிலேதான் அக்கா விலாசம். குடும்பத்தோடு தப்பி வவுனியா போய், அங்கே ஒரு மிளகாய்த் தோட்டத்தில் கூலி வேலை. அக்கா ஊர்ப் பெயரில் 'பூண்டி' மட்டும்தான் ஞாபகம். 'பூண்டி, மில், இந்தியா' என்று இரண்டு கடிதம் போட்டாளாம். நம் ஜில்லாவிலேயே திருவள்ளூர் பக்கம் ஏரியோடு ஒரு பூண்டி இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க எத்தனை பூண்டியோ! அந்த இரண்டும் எந்தப் பூண்டியில் சுற்றுகின்றனவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வவுனியாவில் அவர்களுக்கு ரேடியோ கிடையாது. கடைத்தெருவில் ஒரு டெய்லர் கடையில் இருந்தது. 'கோட்டு அழகாயி' என்றதும் டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டாராம். வவுனியா வெயில் நம் ஊர் வெயில் மாதிரி. அதிலே கறுப்பு மழைக் கோட்டு போட்டுக்கொண்டு தினமும் கடைத்தெருவில் போகிற கிழவி ஒருத்திதான்! மறுநாள் அவளைத் தெருவில் மறித்து, "ஆச்சி, உங்கட பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். முழு ஊர்ப் பெயரும் அவரிடமிருந்துதான் கிடைத்ததாம்.

கடிதத்தின் கடைசியில் அழகாயி சொல்லச் சொல்ல ராசம்மா எழுதிய ஒரு வரி: 'ரேடியோவுல போயி கோட்டப் பத்திச் சொல்லுவியாடி, வெக்கங்கெட்டவளே. ஊரே சிரிக்குது. நல்லா இருக்கியா?'

அந்த 'நல்லா இருக்கியா'வை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள்.  படித்தேன்.

அதற்குப் பிறகு பாக்கியம் மதுரைப் பக்கம் என்று சொல்வதில்லை. கேட்டால், "அட்டன்" என்று பளிச்சென்று சொன்னாள்.

ராசம்மா குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அழகாயிக்கும்தான். போன வருஷம் மூன்று மாத விசாவில் மகளைப் பார்க்கக் கப்பலேறினாள். பாக்கியமும் சுப்பையாவும் ராமேஸ்வரம் போய்க் காத்திருந்தார்கள். பங்குனி வெயில். கப்பலிலிருந்து இறங்கிய கூட்டத்தில் அம்மாவைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம். எப்படி ஆகும்? கோட்டு!

மில் குவார்ட்டர்ஸில் அழகாயி ராணி மாதிரி இருந்தாள். கோவிந்தம்மா ஏரி மீனும் இறாலும் கொண்டுவந்து கொட்டினாள். ஆனால் இரண்டாவது மாதம் முடிவதற்குள் கிழவி, "எப்ப கப்பலு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். கோவிந்தம்மா கேட்டேவிட்டாள் — டீக்கடையில் அந்த டெரிலின் சட்டைக்காரர் கேட்டாரே, அதே கேள்வி.

"இன்னா ஆயா, ஊட்டக் கொளுத்துனான், அட்ச்சித் தொரத்துனான்றாங்க. இன்னும் அங்கியே போறேன்னு நிக்கிறியே?"

அழகாயி வெற்றிலையை மென்று துப்பிவிட்டுச் சொன்னாள்.

"கொளுத்துனவன் ஒருத்தன்டி. நாங்க ஓடறப்ப, தோட்டத்துக்கு ரொட்டி கொண்டுவர்ற வேன்காரன் எங்கள வண்டிக்குள்ள படுக்க வெச்சு, மேல ரொட்டித் தட்ட அடுக்கி, வவுனியா ரோட்டுல கொண்டாந்து விட்டான். அவனும் சிங்களவந்தான். போறப்ப புள்ளைங்க கையில ஆளுக்கொரு பன்னு குடுத்துட்டுப் போனான். கொளுத்துனவன நெனச்சு ஊர விட்டா, இவன எங்க போயிப் பாக்கறது?"

கோவிந்தம்மா இன்னொரு வெற்றிலையை எடுத்துக் கிழவியிடம் நீட்டினாள். 

யோசித்துப் பாருங்கள். அரசாங்கம் ஒரு நாட்டின் கதவை மூடலாம். கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம். விலாசம் எரிந்துபோகலாம். பயந்துபோய் மனிதர்கள் தங்கள் ஊர்ப் பெயரையே மாற்றிச் சொல்லலாம். ஆனால் ஊர் என்பது ராஜ்ஜியம் இல்லையே? அது அம்மா, தங்கை, ஒரு டெய்லர், ஒரு ரொட்டி வண்டிக்காரன். அவர்களோடு ஒருவர் ஒப்பந்தம் போட்டு முறித்துக்கொள்ள முடியுமா என்ன?

சொன்ன தேதியில் அழகாயி கிளம்பினாள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எங்கள் ஷிப்டில் பாதி வந்திருந்தது. கோவிந்தம்மாதான் அதிகம் அழுதாள். "மறுக்கா வா ஆயா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பாக்கியம் அழவில்லை. விசா என்றால் என்ன, எங்கே மனுப் போட வேண்டும் என்பதெல்லாம் இப்போது அவளுக்கு அத்துபடி. அடுத்த வருஷம் தானே அங்கே போவதாக இருக்கிறாள். பாஸ்போர்ட் ஃபாரம் என் டிராயரில்தான் இருக்கிறது, பாதி பூர்த்தி செய்து.

போன மாதம் ராசம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுக்க முழுக்கப் புகார்.

'அக்கா, அம்மா பண்ற ரோதனை தாங்க முடியல. மீன் வாங்குனா, கும்மிடிப்பூண்டி மீன் மாதிரி வருமாங்குது. ரயிலப் பாத்தா, எங்க கும்மிடிப்பூண்டி ரயிலு எவ்வளவு நீளம்ங்குது. பேச்சுக்குப் பேச்சு இன்னாடி, வந்துகினு, போய்க்கினுங்குது. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கே வந்துட்டாங்க — இங்க இருந்துக்கிட்டு எந்நேரமும் அந்த ஊர் பெருமைதானான்னு.'

மூன்று மாதம் இருந்த ஊருக்கே இப்படியென்றால்... இந்தப் பாசத்துக்கு எந்த நாட்டு ஆபீஸிலாவது ஒரு ஃபாரம் இருந்தால் அனுப்பி வையுங்கள், பூர்த்தி செய்து தருகிறேன்!